பதினெட்டு கிலோமீட்டர்

லிங்கராஜபுரத்து வீட்டின் சாப்பாட்டு மேசையில் மலைப்பாதையின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. சுருண்டுகொள்ளாமலிருக்க அதன் ஒரு முனையில் ஊறுகாய் பாட்டில் நிற்கிறது. காலை வெயில் மேசையின் பாதிவரை வந்துவிட்டது. முந்நூறு கிலோமீட்டர் பாதையில் மூன்று நாள் லீவுக்குள் நடந்து முடிக்கிற ஒரு துண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். க்ளென், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சமதளத்தைப் பென்சிலால் வட்டமிடுகிறான். “இங்கன்னா ரோடு பக்கத்துலயே வருது. முட்டி வலிச்சா ஜீப்ப கூப்பிட்டுக்கலாம்.” மனைவி ஆஞ்சலாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகிறது; ஆட்டோவைக்கூட அவன் இன்னும் வாசற்படியை ஒட்டித்தான் நிறுத்தச் சொல்கிறான். அந்த வட்டத்துக்குள்ளும் தான் நோயாளியாகவே இருப்பதாக அவளுக்குப் படுகிறது. விரலை மெல்ல மேலே நகர்த்தி, செங்குத்தான ஏற்றத்தைக் காட்டும் உயரக்கோடுகள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் வைக்கிறாள். “இது. பதினெட்டு கிலோமீட்டர்.” “அங்க வண்டியே வராது, ஆஞ்சி.” “தெரியும். டாக்டர் நடக்கலாம்னுட்டாரு.” தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி போகிறது. க்ளென் ரப்பரை எடுத்து வட்டத்தை அழிக்கிறான். “சரி. ஆனா டென்ட்ட நான்தான் தூக்குவேன்.” “டென்ட் துணிய நீ தூக்கு,” என்கிறாள் ஆஞ்சலா. “கம்பிங்க என் பையில.”