அந்துப்பூச்சிக்கு வாய் கிடையாது

"வாயே இல்லாத பூச்சி வெள்ளாமையைத் திங்குமா? இதுக்கா ஒன்னைத் திருச்சி காலேசுல படிக்கவச்சேன்?"

அடைக்கலம் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் ஆற்றுவதையே நிறுத்திவிட்டார்.

கடை வாசலில் நின்ற அவர் மகள் செவந்தி, ஊரின் முதல் பி.எஸ்ஸி., அசையவில்லை.

"அந்துப்பூச்சி திங்காதுப்பா, முட்டை போடும். பொரிக்கிற கம்பளிப்பூச்சி திங்கும். போன வருசம் கடலைக் கொல்லையை மொட்டையடிச்சது எலியா?"

"வெதையைத் தோண்டித் தின்னது எலிதானே? கண்ணால பாத்தோம்ல," என்றார் பக்கத்துக் கொல்லைக்காரர் சேவுகன்.

"எலி வயிறு ரொம்புனா வளைக்குப் போயிரும், சித்தப்பா. கம்பளிப்பூச்சி எலை தீந்தாத்தான் ஓயும். மழை பெஞ்சிருச்சு, மண்ணுக்குள்ள கிடந்த அந்துப்பூச்சி கிளம்பிருச்சு. இப்ப விட்டா இந்த வருசமும் கடலை கிடையாது."

"பொம்பளைப் புள்ள சொல்லி ஊரு பூச்சி பிடிக்கணுமாக்கும்!" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

கடையே சிரித்தது. போன வருஷமும் இப்படித்தான் சிரித்தார்கள்.

"சிரிங்க. அடுத்த மாசம் வெறுங்கொல்லையைப் பாத்தும் இதே மாதிரி சிரிங்க!"

அடைக்கலம் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாயை மூடு! எலிதான் எதிரி. எல்லாரும் கேளுங்கப்பா, பொழுது சாஞ்சதும் வரப்புக்கு வரப்பு தீ மூட்டுறோம். வளைக்குள்ள இருக்கிற எலி பூரா வெளிய வரணும்."

"அப்படிச் சொல்லுங்கண்ணே!"

செவந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

பொழுது சாய்ந்ததும் கொல்லையெங்கும் தீ. பிள்ளைகள் தடியோடு வளை வாசல்களில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொகை போட்டாப் பத்தாதாண்ணே? எதுக்கு இம்புட்டுத் தீக்கொழுந்து?" என்றார் சேவுகன்.

"சொன்னதைச் செய்யிடா. இன்னும் வைக்கோலைப் போடு!"

எலி ஒன்றுகூட வரவில்லை. அந்துப்பூச்சிகள்தான் வந்தன, கொத்துக் கொத்தாக. தீயில் விழுந்து படபடவென்று பொரிந்தன. எலியை மறந்துவிட்டு ஊரே வாய்பிளந்து வேடிக்கை பார்த்தது.

அடைக்கலம் மெல்ல மகள் நின்ற வரப்புக்கு வந்தார். முகமெல்லாம் கரி, சிரிப்பு.

"நேத்து நீ சொல்லிக்குடுத்த மாதிரியே திட்டினேனா, ஆத்தா?"

"நல்லாத் திட்டினீங்கப்பா. நாளைக்கும் பூச்சி வரும், இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க."