எல்லாத்துக்கும் ஒரு துவக்கு

“அண்ணை, அதை விடுங்கோ. அந்தத் துவக்கு உங்கட தோளுக்குச் சரிவராது.”

கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த 308 துப்பாக்கியை நோக்கி நீட்டிய விரலைத் தியாகலிங்கம் மெல்ல மடக்கிக்கொண்டார். புரோசார்ட் நகரில் இருக்கும் அந்த வேட்டைச் சாமான் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவன் இந்த இளைஞன்தான். செம்மஞ்சள் மேற்சட்டையோடு அலுமாரிக்கு முன்னால் கைகட்டி நின்றான். “தம்பி தமிழோ?” என்று கேட்டதும், “ஓம் அண்ணை, றஜிந்தன்” என்றான். பிரெஞ்சோடு மல்லுக்கட்டத் தேவையில்லை என்று தியாகலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“என்ர தோளுக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லை. ஆனா 308 சுட்டா ஒரு உதை உதைக்கும். மூஸ் மான் விழுமோ தெரியாது, நீங்கள் விழுவியள்.”

தியாகலிங்கம் விடுவதாக இல்லை. மூன்று வாரமாக யூடியூப்பிலேயே குடியிருந்தவர் அவர். “308 தோட்டா எண்டா எந்த ஊர்க் கடையிலயும் கிடைக்குமாம் தம்பி. மானுக்கும் சரி, மூசுக்கும் சரி, கரடி வந்தாலும் சரியாம். முயலுக்கும் அதையே...”

“முயலுக்கோ? சுட்டாப் பிறகு சட்டிக்குள்ள போட என்ன மிஞ்சும்? ஒரே சட்டியில புட்டும் அவிச்சு மீனும் பொரிக்கப் போறியள்போல.”

“என்ர மனிசி ஒரு சட்டிக்குத்தானே காசு தந்தவ! ஐந்நூறு டொலருக்கு மேல ஒரு சதம் போனாலும், துவக்கோட வெளியில படுக்கச் சொல்லிப்போட்டா.”

“பேந்து ஏன் அண்ணை இந்த வில்லங்கம்? கடையில கோழி மலிவாக் கிடக்குத்தானே.”

தியாகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். புவாண்ட்-கிளேரில் அவர் வேலை செய்யும் பண்டகசாலையின் மேலாளர் மார்செல், ஒவ்வொரு இலையுதிர்காலமும் நாலு பேரை வேட்டைக்குக் கூட்டிப்போவார். போய்வந்தவர்கள் அந்தக் கதையையே வருடம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பார்கள். மேசையின் மறுகரையில் சோற்றுப் பெட்டியோடு இருக்கும் தியாகலிங்கம், பாதி விளங்காமலே சேர்ந்து சிரித்துப் பல வருடம் ஓட்டிவிட்டார். இந்த வருடம்தான் மார்செல் அவரையும் வரச் சொன்னார். அன்றைக்கு வந்த சந்தோசத்தில் தியாகலிங்கம் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தையே தவறவிட்டுவிட்டார்.

“சொந்தத் துவக்கு இருக்கோ எண்டு கேட்டவர். நானும் ஓம் எண்டிட்டன்” என்றார். “வாற சனி வெளிக்கிடவேணும். வெறுங்கையோட போய் நிண்டா, என்னைச் சமையலுக்கு வந்தவன் எண்டு நினைப்பினம்.”

றஜிந்தன் சிரிக்கவில்லை. அலுமாரிக்குள் ஒருமுறை பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான்.

“சரி அண்ணை, உள்ளதைச் சொல்லுறன். ஒரு மாசமா ஒவ்வொரு சனியும் பார்த்துக்கொண்டு வாறன், விலை குறைச்சும் அந்த 308ஐ ஒருத்தரும் தூக்கேல்லை. ஏன் தெரியுமோ? குறிபார்க்க அதில ஒண்டும் இல்லை. தொலைநோக்கி தனிய வாங்கிப் பூட்டவேணும். அதுக்கு இன்னொரு இருநூறு.”

“ஐயோ!”

“அங்கால பாருங்கோ, பழைய துவக்குகள் இருக்கிற பக்கம். கீழ்ப்பிடியை இழுத்துச் சுடுற 30-30. குறிமுள்ளு அதிலயே இருக்கு. பாரம் குறைவு, உதையும் குறைவு. இஞ்ச காட்டுக்குள்ள நூறு மீற்றருக்கு அங்கால என்ன தெரியப்போகுது? கிட்ட நிண்டு சுட அது காணும். உங்கட காசுக்குள்ள ஒரு பெட்டி தோட்டாவும் வரும்.”

“மூஸ் விழுமோ?”

“கிட்ட வந்தா விழும்.”

“வராட்டி?”

“வராட்டி மார்செல் சுடுவார். நீங்கள் வந்து கதை சொல்லுங்கோ.”

தியாகலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். இருந்தாலும் கண் மறுபடி 308இன் பக்கம் போனது. “எண்டாலும் தம்பி, அது புதுசு...”

“உங்கட மனிசிக்கு அந்த இருநூறு டொலருக்கு நீங்கள் விளக்கம் சொல்லுவியளோ, இல்லை நான் வந்து சொல்லவேணுமோ?”

அதோடு பேச்சு முடிந்தது.

கல்லாவில் நின்ற பெண் அனுமதிப் பத்திரத்தைச் சரிபார்த்து, 30-30ஐ எடுத்துக் கொடுத்தாள். தியாகலிங்கம் அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். அவருக்கென்றே செய்ததுபோல் இருந்தது. தோட்டாவோடு சேர்த்தும் மனைவி கௌரி போட்ட கோட்டைத் தாண்டவில்லை. இனி அவரும் சாப்பாட்டு மேசையில் கதை சொல்லலாம். மனம் குளிர்ந்துபோய், பாதி ஆங்கிலமும் பாதி பிரெஞ்சுமாக அந்தப் பெண்ணிடம் சொன்னார்: “இப்படி ஒரு பிள்ளை கிடைக்க உங்கள் கடை கொடுத்துவைத்திருக்க வேண்டும். அவனுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்.”

“யாருக்கு?”

தியாகலிங்கம் பெருமையோடு திரும்பிக் கை காட்டினார். றஜிந்தன் அவருக்குப் பின்னாலேயே வரிசையில் நின்றான்.

“இவருக்கா?” என்றாள் அவள். “இவர் இங்கே வேலை செய்யவில்லையே!”

றஜிந்தன் தன் அனுமதிப் பத்திரத்தை அவள் முன்னால் வைத்தான். அலுமாரிக்குள் ஒன்றேயொன்றாக இருந்த அந்த 308ஐ எடுத்துத் தரும்படி சரளமான பிரெஞ்சில் கேட்டுவிட்டு, தியாகலிங்கத்தின் பக்கம் குனிந்தான்.

“கோவிக்காதேங்கோ அண்ணை, நான் சொன்னதில ஒரு சொல்லும் பொய்யில்லை. தொலைநோக்கி என்னட்ட ஏற்கெனவே கிடக்கு. கடைக்குள்ள ஒரு தமிழன் நிண்டா, அவன் வேலைக்குத்தான் நிக்கிறான் எண்டு நினைச்சது நீங்கள்தானே?”