ஹெல்மெட்டுக்கு அடியில்

"மறுபடியும் தப்பு! வெளிச்சம் இடப்பக்கம் இருந்தா நிழல் எங்க விழும்?" ஆன்லைன் வகுப்பில் எரிந்து விழுந்தேன்.

வீடியோ கேம் வீரனுக்கு உடை, முகமெல்லாம் தீட்டி ஸ்கின் செய்யப் பழகும் மாணவர், வழக்கம்போல் வாய் திறக்காமல், 'மன்னிக்கணும் டீச்சர்' என்று டைப் செய்தார்.

"வீரனோட ஹெல்மெட்டைக் கழட்டுங்க. அடியில முகமே வரைஞ்சிருக்க மாட்டீங்க. எல்லாரும் பண்ற தப்புதான்."

திரையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது.

"கழட்டுங்கன்னு சொன்னேன்!"

ஹெல்மெட் மறைந்தது. நரைத்த மீசை, ஒட்டிய கன்னம், கண்ணுக்குக் கீழே கச்சிதமான நிழல். 'பொம்மைக்குச் சாயம் பூசுறதெல்லாம் ஒரு பொழப்பா?' என்று கேட்டு, என்னை வீட்டைவிட்டுத் துரத்திய அதே முகம்.

முதல்முறையாக அவருடைய மைக் உயிர்பெற்றது.

"அப்பா போட்ட நிழல் இப்பவாவது சரியா இருக்கா, பாப்பா?"