வியாழக்கிழமைக் கோழிகள்

மின்விசிறி நின்றதும் இன்ஸாஃபுக்கு முதலில் கேட்டது கோழிகளின் மூச்சுதான்.

மொட்டை மாடியில் வலைக்குள் வெள்ளை வெள்ளையாக வாயைப் பிளந்துகொண்டு இரைத்துக்கொண்டிருந்தன. ஸிஃப்தா ஊருக்கே மின்சாரம் போயிருந்தது. பாலைவனக் காற்று காலையிலிருந்து அனலை அள்ளிக் கொட்டியது. பக்கத்தில் நைல் ஓடுகிறது என்று பேர்தான்.

இன்று செவ்வாய். கல்யாணம் வியாழக்கிழமை.

மணப்பெண் புது வீட்டுக்குப் போகும் அன்று அவளுடைய தாய்வீட்டிலிருந்து தட்டு போக வேண்டும். தட்டு நிறைய முழுக்கோழி, அதுவும் வீட்டில் வளர்த்த கோழி. கடைக்கோழி போனால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கொழுப்பின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு ஆயுசுக்கும் அதுதான் பேச்சு.

மாப்பிள்ளையின் அக்கா, சம்பந்தம் பேசிய அன்றே, தட்டு எங்கிருந்து வரப்போகிறதோ என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். இன்ஸாஃபின் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே முணுமுணுத்தாள். விழுந்தது. மறுநாள் காலையில் இன்ஸாஃப் சந்தைக்குப் போய் ஒரு கூடைக் குஞ்சு வாங்கி வந்துவிட்டாள்.

நாட்டுக்கோழி வெயிலைத் தாங்கும். ஆனால் அது தேறுவதற்குள் கல்யாணச் சாப்பாடு செரித்தே போயிருக்கும். அதனால் கறிக்கென்றே வளரும் இந்த வெள்ளை இனம். சோளமும் பசும்புல்லும் போட்டதில் மளமளவென்று சதை வைத்தது. சதை வைத்ததுதான் வினை. கொழுத்த பிறகு இதற்கு ஒரு மதிய வெயில் போதும்.

அடுத்த மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் உம் ஃபௌஸியின் தலை தெரிந்தது. ஊரில் எந்த வீட்டில் எது வெந்தாலும் முதலில் மூக்கை நீட்டுகிற அண்டை வீட்டுக்காரி.

“ஏண்டி இன்ஸாஃப், கடையில சுத்தம் பண்ணியே தர்றானே. இந்தக் கோழி எந்த ஊருன்னு மாப்பிள்ளை விசாரிக்கவா போறாரு?”

அவர் விசாரிக்க மாட்டார், அவருடைய அக்கா விசாரிப்பாள் என்று சொல்லிவிட்டு இன்ஸாஃப் வாளியை எடுத்தாள்.

மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையென்றால் மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. கீழே தெருக்குழாயில் மட்டும் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

முதல் வாளியைச் சுமந்து மேலே வருவதற்குள் ஒரு கோழி காலை நீட்டிவிட்டது. அதைப் பார்க்காதது போல் ஓரமாக நகர்த்தினாள். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி மார்பு வரை நனைத்து நிறுத்தினாள். உட்காரவிடக் கூடாது. உட்கார்ந்தால் வயிற்றடியில் சூடு தேங்கிக் கொன்றுவிடும். நிறுத்தினால் உட்கார்ந்தன, அவள் மறுபடியும் நிறுத்தினாள். யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று பார்த்துவிடலாம் என்று அவற்றிடமே சொன்னாள்.

அடுத்த வாளிக்கு இறங்கும்போது மகள் சமாஹின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தண்ணீரோடு ஏறும்போதும் சாத்தியே இருந்தது.

இந்தக் கல்யாணம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சமாஹ் ஒரே ஒருமுறை சொன்னாள். சொன்னவள் வாயை மூடிக்கொண்டாள். அதோடு அம்மாவும் மகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவளுடைய அப்பா இறந்தபோதுகூட இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. பெற்ற பெண்ணின் மனதை உடைத்துவிட்டுக் கோழி வளர்க்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இன்ஸாஃபுக்கு அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் வலிக்கு வலி, கல்யாணத்துக்குக் கல்யாணம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். நல்ல மனிதர். நிதானமானவர். வேறு என்ன வேண்டும்?

கதவைத் தட்டி ஒரு கை உதவி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்றாவது வாளியைப் பாதிப் படியிலேயே சிந்திவிட்டாள். மிச்சத்தோடு மேலே வந்து வலைக்குள் உட்கார்ந்தாள். எதிரே ஒரு கொழுத்த கோழி கண்ணைச் செருகிக்கொண்டு சாய்ந்தது. அதைத் தூக்கி மடியில் வைத்தாள். இதெல்லாம் யார் தூக்கிக்கொண்டு வரப்போகிற தட்டுக்காக என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் வாளியைத் தள்ளி வைத்தாள்.

படிக்கட்டில் காலடி கேட்டது.

சமாஹ். தலையில் துணிச்சும்மாடு, அதன்மேல் துணி துவைக்கும் பெரிய தொட்டி, விளிம்பு வரை தண்ணீர். கழுத்து கம்பீரமாக நேராக இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

தொட்டியை இறக்கினாள். அம்மாவின் மடியிலிருந்த கோழியைப் பிடுங்கி அதில் முக்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. வலைக்குள் சுற்றி வந்து, உட்கார்ந்திருந்ததையெல்லாம் காலால் மெல்ல நெட்டி எழுப்பினாள். கடைசிக் கோழியை நிற்க வைத்த பிறகுதான் பேசினாள், அதுவும் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

“வியாழக்கிழமை உன் தட்டை நான்தான் தலையில தூக்கிட்டு வருவேன். உனக்கு அம்மா இல்லன்னா என்ன, பொண்ணு இருக்கேன்ல? அந்தப் பொம்பளை வாயைத் திறக்கட்டும், பாத்துக்கறேன்.”

அடுத்த மாடியில் உம் ஃபௌஸி காத்திருந்தவள் போல நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டாள்.

கோழிகள் நின்றபடியே சிறகை உதறின. மணப்பெண் இன்ஸாஃபின் முகமெல்லாம் தண்ணீராக இருந்தது. கோழி உதறிய தண்ணீர் என்று மகளிடம் சொன்னாள்.