கோகிலன் போட்ட புதுப்படம்

மஞ்சள் கோட்டில் காரை நிறுத்தினால் சம்மன் வரும் என்பதெல்லாம் ஷர்மினிக்கு அப்போது ஞாபகமில்லை. நிறுத்திய காரை அப்படியே விட்டுவிட்டு, ஈப்போ சிலிபினில் இருக்கும் அண்ணன் கடைக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள்.

"எல்லார் படத்தையும் போட்டே, நான் வாயைத் தொறக்கல. என் படத்தையுமாண்ணே?"

கோகிலன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

அவன் டிவியோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு பெட்டி விற்பவன். ஒன்று வாங்கி மாட்டினால் போதும், சந்தா கட்டாமலே உலகத்துச் சேனல் அத்தனையும் வீட்டுக்கு வரும். வாங்கியவர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. இன்று தியேட்டருக்கு வந்த படம் நாளைக் காலை அவனுடைய டெலிகிராம் குரூப்பில் வந்து நிற்கும். ஈப்போவில் பாதிப் பேர் அவனை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

ஷர்மினிக்கு இது முதல் படம். சிம்பாங் பூலாய்ப் பக்கம் அவர்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபிறகு சிதறிப்போன சனங்களைத் தேடிப் பிடித்து, அவர்களையே நடிக்க வைத்து எடுத்தாள். பெரிய நடிகர் ஒருவரும் கிடையாது. தியேட்டர்காரர் நேற்றே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இந்த வாரக் கடைசியில் நாற்காலி நிறையவில்லையென்றால் படத்தைத் தூக்கிவிடுவார்களாம். சொந்த ஊரிலேயே ஓடாத படத்தை வேறு எந்த ஊர் சீண்டும்?

அந்தக் கவலையில் அவள் இருக்கும்போதுதான் உதவி இயக்குநர் தனேஷிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. கோகிலனின் குரூப்பில், கோகிலன் பெயரில், அவளுடைய பட போஸ்டர். கீழே, 'முழுப் படம். நல்ல பிரிண்ட்.' தனேஷுக்கு அந்தக் குரூப்பில் என்ன வேலை என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. திறந்து பார்க்க மட்டும் இருவருக்கும் மனசு வரவில்லை.

போனை அண்ணன் முன்னால் நீட்டினாள். "இது நீ போட்டதுதானே?"

"நான்தான் போட்டேன். பெட்டி வாங்குனவங்க எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தாங்கமா. நான் போடலன்னா வேற எடத்துல தேடுவாங்க."

"அதுக்கு?"

"அதான் நானே முந்திக்கிட்டேன்."

சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு. ஷர்மினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெக்கமா இல்ல உனக்கு? அடுத்தவன் உழைப்ப அள்ளிக் குடுத்துப் பேர் வாங்குனே. இப்ப வீட்டுக்குள்ளேயே கை வெச்சிட்டே. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போறேன். அண்ணன்னெல்லாம் பாக்க மாட்டேன்லா!"

"போம்மா. போறதுக்கு முன்னால அதக் கொஞ்சம் தொறந்து..."

அவன் முடிக்கவில்லை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓர் அம்மாள் உள்ளே வந்தாள்.

"டேய் கோகிலன்! நீயெல்லாம் ஒரு மனுசனாடா?"

கருப்பம்மாள். அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவியவள். இப்போது குனோங் ராபாட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். ஷர்மினியின் படத்தில் பால் வாளியோடு நடந்து வரும் காட்சி அவளுக்கு உண்டு. கூலி வேண்டாம், முகம் தெரிந்தால் போதும் என்று சொல்லி நடித்தவள்.

"நான் வர்ற படம்னு சொல்லி அக்கம்பக்கத்து சனத்தையெல்லாம் கூப்பிட்டு, ஹால்ல பாய் விரிச்சு, முறுக்கு எல்லாம் எடுத்து வெச்சு உக்கார வெச்சேன். தொறந்தா என்னடா வருது? மானமே போச்சு!"

ஷர்மினி கசப்பாகச் சிரித்தாள். "ஏன்க்கா, திருட்டுப் பிரிண்ட் தெளிவா இல்லையோ?"

"பிரிண்டா? படமே இல்லம்மா! இவன் மூஞ்சிதான் வருது. இந்தா, நீயே பாரு!"

போனை அவள் கையில் திணித்தாள்.

திரையில் கோகிலன். தீபாவளிச் சட்டை, படிய வாரிய தலை, பின்னால் இதே கடை.

"வணக்கம். நீங்க தேடுன படம் இதுல இல்ல. அது என் தங்கச்சி எடுத்த படம்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னான். "நம்ம தோட்டத்த, நம்ம சனத்த எடுத்திருக்கா. தயவுசெஞ்சு எந்திரிச்சு, நல்ல துணியா உடுத்திக்கிட்டு தியேட்டருக்குப் போங்க."

"இப்படிக் கேட்டபிறகு வீட்ல எப்படிம்மா உக்கார்றது?" என்றாள் கருப்பம்மாள். "அப்படியே காருல ஏறிப் போனோம். அங்க போனா மூணு மணி ஆட்டத்துக்கு ஒரு சீட்டு கூட இல்ல! வரிசையில நிக்கிறது பூரா இவன் பெட்டிய வாங்குன ஆளுங்கதான். சாயங்கால ஆட்டத்துக்குத்தான் எடம் கெடச்சுது. செவுரு ஒசரத்துக்கு என் மூஞ்சிய பாக்கப் போறேன்லா!"

திட்ட வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஷர்மினி அண்ணனைப் பார்த்தாள். அவன் அவசரமாக ஒரு பெட்டியின் மூடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தான்.

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"இரும்மா, இன்னும் முடியல," என்று கருப்பம்மாள் போனைக் காட்டினாள். "கடைசியில ஒண்ணு சொல்றான், அதையும் கேளு."

திரையில் கோகிலன் தலை குனிந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"இனிமே இந்தக் குரூப்புல படம் வராது. இத்தன வருசமா உங்களுக்கு நான் ஓசியில அள்ளிக் குடுத்த ஒவ்வொரு படமும், யாரோ ஒருத்தனோட தங்கச்சி எடுத்ததுதான்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது."