முந்திரி டப்பா

1987. தாராவித் தமிழ் மன்றத்தில் பேசுவதற்காக, பேப்பர்களில் அடிபடும் ‘சஸ்டெய்னபிள்’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிக்கொண்டிருந்தார் முகம்மது ஹனீப்.

“அப்படின்னா என்ன?” என்றாள் மனைவி மெஹராஜ்.

“அளவா எடுத்துக்கிட்டே இருக்கணும். ஆனா, எடுத்த எடத்துல கொறையவே கூடாது.”

“அப்படி ஒண்ணு உண்டுமா?”

“உண்டு. சொந்த அனுபவம்!” ஹனீப் மர்மமாகச் சிரித்தார்.

மெஹராஜ் பையை எடுத்தாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“குர்லா பஜாருக்கு. டப்பாவுல முந்திரி தீந்துட்டு. எனக்குத் தெரியாம நீங்க தெனமும் எடுத்துத் திங்கியள்லா? ஒங்களுக்குத் தெரியாம நாந்தான் நெறச்சு நெறச்சு வைக்கேன்.”

அவள் போனதும் ஹனீப் அசடு வழிய, எழுதியதை அடித்தார். பொருள் என்ற இடத்தில், ‘மெஹராஜ்’ என்று எழுதினார்.