கீழ்த்தட்டு

சோதனை வாயுவின் குழாயை விஷவாயு மீட்டரின் முகத்தில் பொருத்தி, வால்வைத் திருகினாள்.

எண் ஏறியது. ஐந்து. பன்னிரண்டு. இருபத்தைந்து.

மீட்டர் அலறியது. சிவப்பு விளக்கு துடித்தது.

உயிரோடு இருக்கிறது.

அணைத்தாள். மறுபடி பொருத்தினாள். அலறியது. இன்னொரு முறை பொருத்தினாள்.

“இது மூணாவது வாட்டிம்மா,” என்றார் சூப்பர்வைசர் லோகையா. “ஆளுங்க வெயில்ல நிக்கிறாங்க.”

அவள் நிமிரவில்லை. மூன்றாவது முறையும் அலறிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் வந்து சேரும் நிலையம் அது. பதினோரு வருடமாக ஸ்டோர் அவள் பொறுப்பு. பம்ப் அடைப்பை எடுக்கத் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் அவள் கொடுக்கும் மீட்டரை நம்பித்தான் இறங்குவார்கள். உள்ளே இருக்கும் வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அதிகமானால் மூக்கு மரத்துவிடும். பிறகு வாடையே தெரியாது.

மீட்டர் மட்டும்தான் சொல்லும்.

போன ஐப்பசியில் ஸ்டோர் கூரை ஒழுகியது. பழைய மீட்டர் நனைந்துவிடக் கூடாதே என்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தாள்.

பக்கத்தில் பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பா. மூடி சரியாக இறுகாத டப்பா.

ஒன்பது நாள், சென்சாரைக் கெடுக்கும் அதன் ஆவியிலேயே மீட்டர் கிடந்தது.

பத்தாம் நாள் அடைப்பெடுக்கத் தனபால் வந்தான். சோதனை வாயு தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தாள்.

பூஜ்யம்.

நல்ல காற்றுக்கும் பூஜ்யம்தான். செத்துப்போன சென்சாருக்கும் பூஜ்யம்தான்.

“இன்னாக்கா, எறங்கலாமா?” சிரித்துக்கொண்டே கேட்டான்.

“எறங்கு.”

ஏணியில் நாலு படி வரைக்கும் அவன் தலை தெரிந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் சென்சார் கெட்டிருந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள். எப்படிக் கெட்டது என்று அவளிடம் கேட்கவில்லை. அவர்கள் வருவதற்குள் தின்னர் டப்பாவைப் பெயிண்ட் ஷெட்டில் கொண்டுபோய் வைத்திருந்தாள். கை தன் பாட்டுக்குச் செய்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதும் பேருந்தில் பின்னாலிருந்து யாராவது “எறங்கலாமா?” என்றால் உடம்பு கல்லாகிவிடும். இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் நடந்து திரும்பிய நாள்கள் உண்டு.

இன்று நான்கு மணிக்கு ஆட்கள் தொட்டியிலிருந்து மேலே வந்தார்கள்.

ஒருவர். இருவர். மூவர்.

மூன்றாமவர் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைக்கும்வரை ஸ்டோர் வாசலிலேயே நின்றாள்.

மீட்டரை வாங்கி உள்ளே எடுத்து வந்தது அஞ்சலை. தனபாலின் மனைவி. ஆறு மாதம் அலையவிட்டு, ஸ்டோரில் உதவிக்கு என்று வேலை கொடுத்திருந்தார்கள். இன்றுதான் முதல் நாள். மதியம் அஞ்சலை தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி புளிசாதத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

அஞ்சலை காய்ந்த துணியால் மீட்டரைப் பதமாகத் துடைத்தாள். குழந்தையின் முகத்தைத் துடைப்பது போல.

“இத எங்கக்கா வெக்கிறது? கீழ்த்தட்டு காலியாத்தான கீது.”

“அங்க வேணாம்.”

குரல் அவள் நினைத்ததைவிட உரத்து வந்தது.

அஞ்சலை திரும்பிப் பார்த்தாள். “ஏங்க்கா?”

ஈரம் ஏறிவிடும் என்று சொல்லலாம். நம்பிவிடுவாள். தலையாட்டிக்கொண்டு மேல்தட்டில் வைத்துவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போவாள். நாளைக்கும் வருவாள். நாளைக்கும் புளிசாதம் வைப்பாள்.

வெளியே லோகையா யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

அவள் போய் ஸ்டோர் கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காரு அஞ்சலை.”

அஞ்சலை உட்காரவில்லை.